எல்லா மணிக்கும் ஏழு

வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான். கடைசி வேலை எப்போது போனது? இரண்டு வருஷம் எட்டு மாசம் என்று சொன்னதும் எதிரே இருப்பவன் பேனாவை மூடிவிடுவான். சொல்லி அனுப்புகிறோம் என்பான். இன்றுவரை ஒருத்தனும் சொல்லி அனுப்பவில்லை. நான் என்ன திருட்டுக் கேஸில் உள்ளே இருந்துவிட்டா வந்தேன்? பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்த மில்லை இழுத்து மூடினார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அந்தப் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷன் அந்தச் சலவை ஆலை மேனேஜர். ஓட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீராவி இஸ்திரி போட்டு அனுப்பும் ஆலை அது.

"எத்தனை நாளா வேலை இல்ல?" என்றார்.

"ரெண்டு வருஷம் எட்டு மாசம் சார்."

"நடுவுல சின்னதா எதுவும்?"

"எதுவும் இல்ல சார்."

"நல்லது," என்றார்.

நல்லதாம்! காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று எனக்கே சந்தேகம். பிறகு வீட்டில் யார் யார், மனைவி என்ன செய்கிறாள், ஒத்தாசைக்கு அண்ணன் தம்பி உண்டா என்றெல்லாம் விசாரித்தார். மனைவி வீட்டில் தையல், வேறு ஒருத்தரும் இல்லை என்றேன். அதற்கும் தலையாட்டினார். பாய்லரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லைசென்ஸை மட்டும் வாங்கி, தேதி முடியவில்லையே என்று இரண்டு தரம் பார்த்து, ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வேலை கிடைத்த மிதப்பில் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தேன்.

மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அவள் தம்பிக்கு அன்றைக்கே போன் போட்டாள். அவன் ஒருத்தன். கரண்ட் பில் கட்ட, அவன் வண்டியை சர்வீசுக்கு விட, எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவான். "மாமா, வீட்ல சும்மாதானே இருக்கீங்க" என்பான். அந்த சும்மாவைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. இனி வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய்லர் அறை ஆலையின் பின்பக்கம். தகரக் கூரை, ஒரு சின்ன ஜன்னல், ஒரு மர நாற்காலி. கிழட்டு பாய்லர். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் என் கண் நேராகப் போனது சேஃப்டி வால்வுக்குத்தான். அதற்கு நீளமான ஒரு இரும்புக் கை உண்டு. அழுத்தம் எட்டைத் தாண்டினால் அந்தக் கை தானாக எழும்பி நீராவியை வெளியே விட்டுவிடும். விடாவிட்டால் பாய்லர் வெடிக்கும். அந்தக் கையை யாரோ கம்பியால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, கீழே சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அழுத்தம் காட்டும் முள் ஒன்பதில் நின்றது.

எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டரின் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மணிக்கு ஒரு தரம் முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். அழகான கையெழுத்து. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, எல்லா நாளும், எல்லா மணிக்கும் ஏழு.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். ஆலையில் அவருக்குச் சாந்த சொரூபி என்று பெயர். குரலை உயர்த்தி ஒருத்தரும் கேட்டதில்லை. இரண்டு இஸ்திரி மெஷின் புதிதாகச் சேர்த்திருக்கிறோம், ஏழு போதாது, வால்வு திறந்தால் அரை மணி நேரம் வேலை நிற்கிறது, உங்களுக்குத் தெரியாததா என்றார் இதமாக. பழைய ஆபரேட்டர் எங்கே என்று கேட்டேன். மகனோடு வெளியூர் போய்விட்டாராம். நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மணிக்கு மணி பொய் எழுதக் கை கூசியது. இரண்டாம் வாரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் வந்ததும் நாள் முழுவதற்குமான ஏழுகளை மொத்தமாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், அப்புறம் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு தரம் கம்பியைப் பற்றி வாயெடுத்தேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே நிற்கிறாள். என் விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு அவரே போன் செய்தாராம். இஸ்திரிப் பிரிவில் ஆள் வேண்டும், வருகிறீர்களா அம்மா என்று கேட்டாராம். தங்கமான மனுஷர் என்றாள். எவ்வளவு நாளைக்கு இந்தத் தையல் மெஷினை மிதிப்பது, முட்டி தேய்ந்துவிட்டது, இனி இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் வரலாம் என்றாள். இஸ்திரிப் பிரிவுக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவள் சேர்ந்த நாள் காலையிலும் நான் வழக்கம்போல ஐந்து மணி வரைக்குமான ஏழுகளை எழுதி முடித்தேன். பத்தரை மணிக்கு இஸ்திரிப் பிரிவு சூப்பர்வைசர் அக்கா வந்தார். உங்க வீட்டம்மாவுக்குக் கைவேலை சுத்தம், சொன்னதும் பிடித்துக்கொண்டாள் என்று சொல்ல வந்தவர், வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசினார். பாய்லர் ஒன்றும் கடித்துவிடாது, உள்ளே வாருங்கள் என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த அண்ணன் போனதுல இருந்து நான் உள்ள வர்றதில்ல."

"மகனோட வெளியூருக்குத்தானே போனாரு?"

"யார் சொன்னா? பைப் மூட்டு விட்டு ஆவி மூஞ்சியிலயே அடிச்சிருச்சு. நாங்கதான் விரிப்புல சுத்தித் தூக்கிட்டுப் போனோம். பதினோரு மணி இருக்கும். பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

முடிக்காமல் போய்விட்டார். நான் ரிஜிஸ்டரை எடுத்துப் பின்னால் புரட்டினேன். பள்ளி திறந்த தேதிதான் அவருடைய கடைசிப் பக்கம். பதினோரு மணிக்கு ஏழு. பன்னிரண்டுக்கு ஏழு. செத்துப்போன மனுஷன் மாலை ஐந்து மணிக்கு ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். காலையிலேயே எழுதி வைத்திருக்கிறார், என்னைப் போலவே. என் பக்கத்தைப் பார்த்தேன். முள்ளைப் பார்த்தேன். ஒன்பதரையையும் தாண்டி நின்றது.

அப்போது எனக்குத் தோன்றிய ஒரே காரியம், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவதுதான். மெஷின்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு பெண்கள். மனைவி சுவரோரம் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"பையை எடு. வீட்டுக்குப் போ," என்றேன்.

"மொத நாளே மானத்த வாங்காதீங்க. என்ன ஆச்சு?"

காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியை, முள்ளை, அந்த ஆபரேட்டரை. அவள் முகம் வெளுத்தது. ஆனால் பையை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தாள். பிறகு வரிசையாக நின்றவர்களைப் பார்த்தாள்.

"இவங்க?" என்றாள். "நீங்க வந்து மூணு வாரமா இவங்க இங்கதானே நிக்கிறாங்க. அப்பல்லாம் உங்களுக்குத் தெரியலையா?"

இரண்டு வருஷம் எட்டு மாசத்தில் என்னை எவ்வளவோ பேர் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கும் நான் இப்படிக் குறுகியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பாய்லர் அறைக்குத் திரும்பி ஓடினேன்.

பர்னரை நிறுத்தினேன். முள் சட்டென்று இறங்கிவிடாது. வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் சாமியைக் கும்பிட்டுக் கேட்காததை எல்லாம் அந்தக் கால்மணி நேரத்தில் கேட்டேன். ஒன்பது. எட்டரை. ஏழுக்குக் கீழே வந்த பிறகு கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினேன். அன்றைய பக்கத்தில் எல்லா ஏழுகளையும் அடித்துவிட்டு ஒன்பதரை என்று எழுதினேன்.

மெஷின்கள் ஆறிப்போய்ப் பெண்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மனைவி எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். யார் யாருக்கோ போன் போட்டுவிட்டு ஒரு மணிக்குத்தான் மேனேஜர் வந்தார். அப்போதும் கோபமில்லை. ரிஜிஸ்டரை வாங்கி, அந்தப் பக்கத்தை ஓரம் பிசகாமல் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"யார்கிட்ட வேணா போய்ச் சொல்லுங்க," என்றார் அதே இதமான குரலில். "நீங்க கையெழுத்துப் போட்ட பதினெட்டு நாளும் ஏழுதான் இருக்கு."

மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். எங்களோடு நான்கு பெண்கள் கிளம்பினார்கள். சூப்பர்வைசர் அக்கா எங்களைப் பார்க்காமல், எனக்கு வேறு போக்கிடம் இல்லை தங்கச்சி என்று மட்டும் சொன்னார்.

கேட் அருகே வாட்ச்மேன் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். தேய்த்துப் போட்ட சட்டை, சவரம் செய்த அவசரத்தில் தாடையில் ஒரு கீறல். மேனேஜர் எங்களைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றார்.

"எத்தனை நாளா வேலை இல்ல?"

"நாலு வருஷம் ஆச்சு சார்," என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லது. லைசென்ஸ் வச்சிருக்கீங்கல்ல? உள்ள வாங்க."

மேனேஜர் முன்னால் நடந்தார். நான் அந்த மனுஷனின் முழங்கையைப் பிடித்தேன். போகாதீங்க, வால்வைக் கட்டி வச்சுத்தான் ஓட்டச் சொல்வாங்க, உங்களுக்கு முன்னால ஒருத்தர் செத்திருக்காரு என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் கேட்டார். பாய்லர் ஆள்தானே, எல்லாம் புரிந்தது. கண்ணில் பயம் வந்ததை நான் பார்த்தேன்.

"நாலு வருஷம்ணே," என்றார். என் கையை மெதுவாக எடுத்துவிட்டு உள்ளே போனார்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முற்றத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மனைவி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அன்று காலையில்தான் தெரிந்துகொண்ட பெயர்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

நாங்கள் வண்டியை எடுக்கும்போது பர்னர் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மணி ஒன்றரை. ரிஜிஸ்டரில் இந்நேரம் ஐந்து மணிக்கும் ஏழு என்று எழுதியாகியிருக்கும்.