மாதம் எட்டுக் கிலோ மூடுபனி

நெடும்பாறையில் பெரணிச் செடிகளுக்கு மூடுபனி ரேஷனில்தான் கிடைக்கும். குடும்ப அட்டை இருந்தால் மாதம் எட்டுக் கிலோ. முதல் வாரத்தில் மலையிலுள்ள பெரணிக் குடும்பங்கள் எல்லாம் கடை வாசலில் வரிசையாக நிற்கும். கடைக்காரர் பதிவேட்டை நீட்டுவார். குடும்பத்தில் யாராவது ஒருவர் இலையைத் திருப்பி அழுத்தினால், அடியிலிருக்கும் வித்துத்தூள் தாளில் பழுப்பாகப் படியும். கைநாட்டு ஆயிற்று என்று பனியை நிறுத்துக் கொடுத்துவிடுவார். பூக்காமல் காய்க்காமல் காலம் தள்ளுகிற சாதுவான ஜனங்கள் என்பதால் அந்தக் கடையில் சண்டை சச்சரவு கிடையாது.

அந்த ஊர்க் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை பிரம்மசக்தி. பெரணிகள் எப்படித் தோன்றின, எது எதிலிருந்து கிளைத்தது, எது எந்தக் குடும்பம் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வேறு ஊராக இருந்தால் ஒரு செடியை ஒரு குடும்பத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் வைப்பது, பத்துப் பேர் படிக்கிற சஞ்சிகையோடு முடிந்துபோகிற காரியம். இங்கே வட்ட வழங்கல் அலுவலகம் அந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டியிருந்தது. கட்டுரை வெளிவந்த மூன்றாம் நாள் பெயர் நீக்கல் சான்று செடியின் காலடியில் கிடக்கும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஒரு பெரணி இருந்தது. உள்ளங்கை அகலம், பன்னிரண்டு இலை. மலை முழுக்கத் தேடினாலும் அது மாதிரி இன்னொன்று கிடையாது. பழைய நூல்கள் அதை நாகப்பெரணிக் குடும்பத்தில் சேர்த்திருந்தன. பிரம்மசக்திக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பதினோரு வருஷம் லென்ஸும் கையுமாக அதன் முன்னால் குந்தியிருந்து, நரம்பைப் பார்த்து, செதிலைப் பார்த்து, கடைசியில் மரபணுவையும் பார்த்து, இது நாகப்பெரணி இல்லவே இல்லை என்று கட்டுரை எழுதினாள். நல்ல கட்டுரை. வெளிவந்த அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினாள். மூன்றாம் நாள் செடிக்குப் பனி நின்றுபோயிற்று.

பெரணியின் இளம் இலை நாய்வால் மாதிரி சுருண்டு பிறந்து மெல்ல விரியும். இந்தச் செடி விரிந்த இலைகளைத் திரும்பவும் சுருட்டிக்கொள்ள ஆரம்பித்தது, நாளுக்கு ஒன்றாக. ஏழாவது இலையும் சுருண்டது. அந்தச் செடி என்றால் பிரம்மசக்திக்கு உயிர். அதன் சோற்றில் தானே மண்ணள்ளிப் போட்டுவிட்டோம் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வழங்கல் அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலர் சொரிமுத்து நல்ல மனிதர். விதிமுறைப் புத்தகத்தைத் திறக்காமலே பக்க எண் சொல்லக்கூடியவர். நீக்கின பெயரை வேறு குடும்பத்தில் சேர்த்துவிட்டால் பனி வந்துவிடும், வெள்ளிப்பெரணிக் குடும்பத்தைக் கேட்டுப் பார்க்கலாமே என்றார். இது அந்தக் குடும்பமும் இல்லை என்றாள் பிரம்மசக்தி. நாகப்பெரணியும் வெள்ளிப்பெரணியும் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே தனியாகக் கிளம்பிவந்த கிளை இது. சொந்தபந்தம் அத்தனையும் பூமிக்கடியில் நிலக்கரியாகக் கிடக்கிறது. அப்படியானால் ஒரு நபர் அட்டை தரலாம், சொந்தக்காரர்களின் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் சொரிமுத்து.

“எப்பம் தவறினாவ?”

“முப்பது கோடி வருஷம் இருக்கும் சார்.”

“இருபத்தொரு நாளுக்குள்ள பதிஞ்சிருக்கணுமே மேடம்,” என்றார் அவர் வருத்தத்தோடு.

தாமதப் பதிவுக்கும் வழி இருந்தது. சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சி வேண்டும். பதிவறையில் குடியிருந்த கரப்பான்பூச்சி ஒன்று, தங்கள் வம்சம் அப்போதே இருந்ததுதான் என்று சொல்லி முன்வந்தது. தான் பார்த்ததில்லை, வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டதுதான் என்று அதுவே நேர்மையாக ஒப்புக்கொண்டதால் சாட்சியம் செல்லாமல் போயிற்று.

சொரிமுத்து ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம். கட்டுரையில தவறு நேர்ந்துட்டுன்னு. சாயங்காலத்துக்குள்ள பழைய குடும்பத்துலயே ஏத்திருதேன்.”

பிரம்மசக்தி பேனாவைத் திறந்தாள். ‘கட்டுரையில்’ என்று எழுதினாள். அதற்கு மேல் ஓடவில்லை. தவறு ஒன்றும் நேரவில்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையாகப் பனி குடித்துக்கொண்டு வாழ்வதில் செடிக்கு ஒரு ஆட்சேபமும் இருந்திருக்காது. ஆட்சேபம் அவளுக்குத்தான். ஒரு உயிரைவிடத் தன் கட்டுரை பெரிதாகப் போயிற்றா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை.

மேஜையில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம் கிடந்தது. செடியைப் பார்ப்பது போலவே அதையும் மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள். பெயர், வயது, சேர்க்க வேண்டிய குடும்ப அட்டையின் எண், குடும்பத் தலைவர் சம்மதம். அந்தக் குடும்பம் பெரணிக் குடும்பமாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. தன் வீட்டு அட்டை எண்ணை எழுதினாள். சொரிமுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, விதி இடம் கொடுக்கிறது என்றார்.

வீட்டில் குடும்பத் தலைவர் கணவர் கோமதிநாயகம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் விஷயத்தைச் சொன்னதும், அது தயிர் சாப்பிடுமா என்று மட்டும் கேட்டார். சாப்பிடாது என்றாள். சரி என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சொரிமுத்து கள ஆய்வுக்கு வந்தார். பாறை இடுக்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த செடி சமையலறை ஜன்னலோரம் தொட்டியில் இருந்தது. இரண்டு இலைதான் பாக்கி. அவர் பல்துலக்கும் பிரஷ்களை எண்ணினார், படுக்கையை எண்ணினார், பிறகு ஆட்களின் வயதை விசாரித்தார். கோமதிநாயகத்துக்கு அறுபத்து மூன்று. பிரம்மசக்திக்கு ஐம்பத்தேழு. சொந்தக்காரர்கள் தவறிய கணக்கை வைத்துச் செடிக்கு முப்பது கோடி என்று எழுதிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். ஒரு வீட்டில் மூத்தவர் யாரோ அவர்தான் குடும்பத் தலைவர், அதனால் அட்டையில் முதல் பெயர் செடியுடையது என்றார். உறவுமுறைக் கட்டத்தில் பிரம்மசக்திக்கு ‘மகள்’ என்று போட்டார். கோமதிநாயகத்துக்கு ‘மருமகன்’.

“அப்பம் நான் வீட்டோட மாப்பிள்ளையா?” என்றார் கோமதிநாயகம்.

“ரூல்படி அப்படித்தான் வருது சார்.”

அவருக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை. மூன்றாம் நாள் எழுந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சமையலறைக்கு வந்தார். அந்தத் தொட்டிக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்காருவதையும் விட்டுவிட்டார்.

பனி வந்தது. எட்டுக் கிலோ, பையில் தளதளவென்று. சுருண்டிருந்த பத்து இலைகளும் ஒவ்வொன்றாக விரிந்தன, பதின்மூன்றாவதாக ஒரு புதுச் சுருளும் எட்டிப் பார்த்தது. பிரம்மசக்தி சிங்க்குக்குப் பக்கத்தில் நின்று ஆசைதீர அழுதாள். குடும்பத் தலைவர் பெரணி என்பதால் அட்டை பெரணி அட்டையாக மாறிவிட்டது. அரிசியும் பருப்பும் சீனியும் நின்றுபோய் மூன்று பேருக்கும் பனி மட்டும் என்று ஆயிற்று. ஆரம்பத்தில் கொஞ்சம் பசித்தது. பிறகு பழகிவிட்டது. காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பனி, மதியம் ஜன்னலோரத்தில் ஒரு மணி நேரம் நிழல். வாயுத்தொல்லை போயே போய்விட்டது என்று கோமதிநாயகம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

நான்காவது மாதம் ஒரு காலைப்பொழுதில் குளித்துவிட்டு வந்த கோமதிநாயகம், முதுகு அரிக்கிறது, என்னவென்று பார் என்றார். பிரம்மசக்தி அவரை வெளிச்சத்துக்குத் திருப்பி லென்ஸை வைத்தாள். முதுகெலும்புக்கு இருபுறமும், பெரணி இலையின் அடியில் வித்துத்தூள் இருக்கிற மாதிரியே பழுப்புப் பொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் சின்ன மூடி. மற்றப் பெரணிகளில் இருப்பதுபோல் ஓரத்திலும் இல்லை, நரம்போடும் போகவில்லை. வளைந்து வளைந்து ஒரு தனிக் கோலமாக ஓடின. அவள் இரண்டு தடவை எண்ணினாள். முப்பது வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

“என்னட்டி?”

“புதுசு,” என்றாள். “இதுவரைக்கும் யாரும் பாக்காதது.”

கோமதிநாயகம் லேசாக நிமிர்ந்தார். பெருமைதான்.

“அப்பம் நம்ம குடும்பம் இல்லியா?”

நம் குடும்பம்தான் என்று சொல்லிவிட வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. முப்பத்திரண்டு வருஷமாகக் கூட இருக்கிற மனிதர். காப்பி குடித்த நாளில் ஆற்றிக் கொடுத்தால்தான் குடிப்பார்.

“இல்லங்க,” என்றாள்.

கணக்கு வாத்தியாருக்கு நிரூபணம் என்றால் என்னவென்று தெரியும். புதுச் சிற்றினம் என்று அறிவிப்பதானால் அசல் மாதிரி ஒன்றைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்திப் பாதுகாக்க வேண்டும். மாதிரி இல்லாத கட்டுரையைச் சஞ்சிகை ஏற்பதில்லை. எங்கே படுக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டார். அவள் கூடத்துத் தரையில் தாள்களை விரித்தாள். பொட்டு தெரியும்படி குப்புறப் படுக்கச் சொன்னாள். அவர் குறுக்கெழுத்துப் பக்கம் கண்ணுக்கு நேரே வரும்படி தாளை இழுத்துச் சரிசெய்துவிட்டு, கைகளைப் பக்கவாட்டில் விரித்துப் படுத்துக்கொண்டார். ஒரு விரல் மடங்கியிருந்தது. அதை அவள் நீவி நேராக்கினாள்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து விவரச்சீட்டை எழுதினாள். கிடைத்த இடம்: சமையலறை ஜன்னலோரம், ஈரப்பாங்கான நிழல். சேகரித்தவர்: பிரம்மசக்தி. தேதியும் போட்டாள். குடும்பம் என்ற இடத்தை அப்படியே விட்டாள்.

“குடும்பத்துல என்ன போட்டிருக்க?” என்று தாளுக்குள்ளிருந்து கேட்டார் கோமதிநாயகம்.

“இன்னும் போடலங்க. பாக்கணும்.”

“நல்லாப் பாரு. அவசரத்துல தப்பா போட்டுறாத.”

சரி என்று அவள் மேல்தாளை மூடினாள். அலமாரியிலிருந்து கனமான புத்தகங்களாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து அதன் மேல் அடுக்கினாள்.