ஏழாம் மெஷினில் ஓடிய பஸ்

துஷாந்தினியின் கழுத்தில் இரண்டு கயிறுகள் கிடந்தன. ஒன்றில் மாரியம்மன் கோயில் தாயத்து, மற்றதில் பென் டிரைவ். தாயத்தைக் கழற்றினால் திட்டுவதற்கு வீட்டில் அம்மா இருந்தாள். பென் டிரைவைக் கழற்றாவிட்டால் திட்டுவதற்கு பதுளை டவுனில் மதுசூதனன் சார் இருந்தார்.

கம்ப்யூட்டர் சென்டருக்குள் பென் டிரைவ் கொண்டுவரக் கூடாது என்று சார் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார். யாரோ கொண்டுவந்த வைரஸ் ஒரு வருசத்து மார்க்ஸ் முழுவதையும் தின்றுவிட்ட பிறகு வந்த சட்டம் அது. அதனால் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சட்டைக் காலருக்குள் அதைத் தள்ளிவிடுவாள்.

கொண்டுவராமலும் முடியாது. சென்டரில் முன்வரிசை மெஷின்கள் புதியவை; கிழமை நாட்களில் காசு கட்டிப் படிக்கிற டவுன் பிள்ளைகளுக்கானவை. சனி ஞாயிறில் நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இலவச வகுப்புக்கு வருகிறவர்களுக்குப் பின்வரிசைதான். அப்போது முன்வரிசை உறை போட்டு மூடிக் கிடக்கும். பின்வரிசை மெஷினை அணைத்தால் அன்றைக்குச் செய்ததெல்லாம் அழிந்துபோகும். அப்படித்தான் செட் பண்ணி வைத்திருந்தார்கள். டவுன் பிள்ளைகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மிச்சத்தைச் செய்வார்கள். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் எந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது?

ஆகவே துஷாந்தினி சர்வரையே பென் டிரைவுக்குள் வைத்துவிட்டாள். யார் கேட்டாலும் பக்கத்தை எடுத்து நீட்டுகிற மென்பொருள்தானே சர்வர். அது பெரிய அறையில் குளிரூட்டிக்கொண்டு கிடக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? மெஷினில் எதையும் ஏற்றத் தேவையில்லை. செருகினால் ஓடும். நிறுத்திவிட்டு உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டால் ஒரு வெப்சைட் முழுசும் அவளோடு மலையேறும். பஸ் ஜன்னலோரம் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு வரும்போது, நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த ஊரில் ஓடியதும் பஸ்தான். மலையில் பஸ் போய்விட்டதா, இனித்தான் வருமா என்று தெரியாமல் பனியில் காத்துக் கிடப்பது அவர்களுக்குப் பிறப்போடு வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸைக் கண்டவர் ஒரு பொத்தானை அமுக்கினால், கீழே நிற்கிறவர்கள் அது எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அவள் ப்ரொஜெக்ட் அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறு சார் சொன்னார்: "நீங்கள் எல்லாரும் ப்ரொஜெக்டை ப்ரின்ட் எடுத்துத் தாங்கோ, போதும். ஓட்டிக் காட்டத் தேவையில்லை."

"ஓட்டிக் காட்டலேன்னா டிப்ளோமா கெடைக்குமா சார்?"

"பங்குபற்றின சான்றிதழ் கிடைக்கும். வீட்டில கொம்ப்யூட்டர் இல்லாத பிள்ளையளை நான் கஷ்டப்படுத்த விரும்பேல்ல."

அவர் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிந்தது.

"கஷ்டம் எங்களுக்குப் பழகிருச்சு சார். நான் ஓட்டித்தான் காட்டுவேன்."

பரீட்சைக்கு பண்டாரவளையிலிருந்து றஷீனா மேடம் வந்திருந்தார். காலையில் டவுன் பிள்ளைகளைப் பார்த்து முடித்திருந்தார். பிற்பகலில் சார் தோட்டத்துப் பிள்ளைகளின் கோப்புகளை அடுக்கி மேசையில் வைத்தபோது துஷாந்தினி எழுந்து நின்றாள்.

"மேடம், என்னோடத ஓட்டிக் காட்டணும்."

றஷீனா மேடம் சாரைப் பார்த்தார். சார் கூரையைப் பார்த்தார்.

"காட்டுங்க மகள். இங்கயே உக்காருங்க" என்று மேடம் முன்வரிசை மெஷினைக் காட்டினார்.

காலரிலிருந்து கயிற்றை எடுத்தபோது சாரின் முகம் மாறியதை அவள் பார்க்காதது போல் இருந்தாள். செருகினாள், சர்வரைக் கிளப்பினாள். திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்று கண் சிமிட்டிவிட்டு மறைந்தது. மறுபடியும் கிளப்பினாள். மறுபடியும் சிமிட்டிவிட்டுப் போனது. கதவருகே நின்ற டவுன் பையன் ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான்.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. பின்வரிசை ஏழாம் மெஷினில் பென் டிரைவ் எப்போதும் E என்ற எழுத்தில் வந்து நிற்கும். தன் ப்ரோகிராமில் அவள் எல்லா இடத்திலும் E என்றே எழுதி வைத்திருந்தாள். இந்தப் புது மெஷினில் அது H ஆக நின்றது. வீடு மாறினால் விலாசம் மாறும் என்பது, வாழ்நாளில் ஒரே மெஷினில் உட்கார்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"மேடம், நான் பின்னுக்குப் போகணும். ஏழாம் மெஷின்."

"பரீட்சை முன் மெஷினிலதான்" என்றார் சார்.

"முன் மெஷின்ல எங்கள ஒரு நாளும் ஒக்கார விடலியே சார். இன்னைக்கு மட்டும் என்ன விருந்து?"

அவள் பென் டிரைவை உருவிக்கொண்டு நடந்தாள். யாரும் சொல்லாமலே மற்றவர்களும் எழுந்து பின்வரிசையில் அவரவர் மெஷினில் போய் உட்கார்ந்தார்கள். ஏழாம் மெஷினில் கறுப்பு ஜன்னல் திறந்து, திறந்தபடியே நின்றது.

"ஏறுங்க" என்றாள் துஷாந்தினி.

பின்வரிசை மெஷின்கள் ஒரே வயரில் இணைந்தவை; வீரய்யா முதல் நிறுத்தத்தில் நிற்பவனாகத் தன் மெஷினில் ஏழாம் மெஷினின் விலாசத்தை அடித்தான். 'நமுனுகுல. பஸ் கெளம்பிருச்சு.' ஏழாம் மெஷினின் திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று நகர்ந்தது. அடுத்தது கஜேந்திரன்: 'கோயில் முடக்கு. நிக்காமப் போகுது, டிரைவருக்கு என்னமோ கோவம்.' மேடம் நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் வந்தார்.

சாரும் வந்தார். அவர் கண் திரையில் இல்லை. பென் டிரைவின் சின்ன விளக்கில் இருந்தது.

"பிள்ளை, அதைக் கழட்டும்."

"இப்ப கழட்ட ஏலாது சார்."

"சட்டம் கதவில கிடக்கு. இனியும் ஒருக்கா என்ர மார்க்ஸ் போகேலாது. கழட்டும்."

அவர் கை நீண்டது. துஷாந்தினி பென் டிரைவின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். அது சூடாக இருந்தது.

"எழுதிக்கிட்டு இருக்கும்போது உருவுனா எல்லாம் பாதியில அறுந்துரும் சார். பஸ்ல ஆள் இருக்கு. பதுளைக்கு வந்தொடன நானே கழட்டுறேன்."

"எப்ப வரும்?"

அதை அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. சுலோஜனாவின் மெஷினிலிருந்து செய்தி வந்து விழுந்தது: 'ஸ்டோர் சந்தி. மாடு குறுக்க படுத்திருக்கு. லேட்டாகும்.'

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பரீட்சகர் முகத்தை மாட்டிக்கொண்டு கேட்டார்: "ரெண்டு பேர் ரெண்டு எடத்துல பஸ்ஸக் கண்டேன்னு சொன்னா?"

"எங்க பக்கம் அப்படித்தான் மேடம் சொல்லுவாங்க. அதனால சொன்னவங்க பேரும் விழும். பொய் சொன்னவங்கள மறுநாள் பஸ்லயே புடிச்சுக்கலாம்."

"சரி. ஒங்க தோட்டத்துல இன்டர்நெட்டே இல்லையே மகள். இத யாரு பார்ப்பா?"

பின்வரிசை முழுவதும் தட்டச்சை நிறுத்தியது. துஷாந்தினி கையை எடுக்கவில்லை.

"ரோடு வர்றதுக்கு முன்னயே பஸ் கேட்டு பெட்டிசன் போட்டவங்க மேடம் எங்க ஆளுங்க. அப்பவும் இதத்தான் கேட்டாங்க. ரோடே இல்ல, பஸ் எதுக்குன்னு."

மேடம் குனிந்து மேசைக்கடியில் கிடந்த உடைந்த ஸ்டூலை இழுத்து அதில் உட்கார்ந்தார். "மாட்டை எழுப்பச் சொல்லுங்க" என்றார்.

மாடு எழுந்தது. பாலத்தடியில் ஒரு கர்ப்பிணி ஏறினாள். டவுன் முனையில் பஸ் கொஞ்சம் நெரிசலில் நின்றது. கடைசியில் சிவப்புப் புள்ளி பதுளையைத் தொட்டது. துஷாந்தினி சர்வரை முறையாக நிறுத்தி, விளக்கு அணைந்த பிறகு பென் டிரைவை உருவினாள். மேடம் மார்க்ஸ் தாளில் அவள் பெயருக்கு நேரே 'ஓடியது' என்று எழுதி, எண்ணையும் போட்டார்.

"அப்ப முடிஞ்சுது" என்றார் சார். "மற்ற ஆக்கள் பேப்பர்தான்."

கஜேந்திரன் எழுந்தான். "என்னோடது டிஸ்பென்சரி டோக்கன் சார். அதும் அந்த பென் டிரைவ்லதான் இருக்கு."

"என்னோடதும்" என்றாள் சுலோஜனா.

"வாசிகசாலை" என்றான் வீரய்யா, கையைக்கூட உயர்த்தாமல்.

சார் ஒவ்வொருவரையும் மாறிமாறிப் பார்த்தார். இத்தனை மாதமும் ஒரே கழுத்தில் எல்லாரும் மலையேறிப்போனது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடம் ஸ்டூலை விட்டு அசையவில்லை. தாளில் அடுத்த பெயரைப் பேனாவால் தொட்டுக்கொண்டிருந்தார்.

துஷாந்தினி எழுந்து இடம் விட்டாள். கஜேந்திரன் உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினான். கறுப்பு ஜன்னல் திறந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வயர மிதிக்கிறீங்க."