மரியாதைக் குறைவு

தமிழனாய்ப் பிறந்ததற்காகத்தான் தன்னை அடித்தார்கள் என்று தவராசா நிரூபிக்க வேண்டியிருந்தது. அகதி மனுவை முதலில் விசாரித்த அலுவலகம் நம்பவில்லை. அந்த மறுப்பை எதிர்த்துத்தான் இப்போது, எண்பத்தைந்தாம் ஆண்டு ஜேர்மனியின் குளிரில், இந்த நீதிமன்றம். இங்கேயும் தோற்றால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

கட்டடம் பெரியது. அதற்குள் குடியிருந்த நியாயம் அதைவிடப் பெரியது. தமிழர் எல்லாருக்கும் நடந்ததென்றால் அது பொதுக் கலவரம், உனக்கென்று நடந்ததல்ல. உனக்கு மட்டும் நடந்ததென்றால் அது சொந்தப் பகை. தமிழன் என்பதற்காக நடந்ததல்ல. இந்த இரண்டு சுவருக்கும் நடுவே எலி நுழையலாம், அகதி நுழைய ஏலாது. ஒரேயொரு ஓட்டை உண்டென்று அகதி முகாமில் இருந்த அரைச் சட்டத்தரணிகள் சொல்லியிருந்தார்கள்: அரசாங்கத்தின் ஆளே செய்திருக்க வேண்டும், தமிழன் என்று சொல்லியே செய்திருக்க வேண்டும்.

தவராசாவிடம் அது இருந்தது.

மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்ச் சங்கத் தலைவர் உருத்திரமூர்த்தி. முதல் விசாரணைக்கும் அவர்தான். வெள்ளைக்காரன் முன்னால் தமிழரின் மானம் முழுதும் தன் கழுத்துப்பட்டியில்தான் தொங்குகிறது என்ற நினைப்பு அவருக்கு.

"சொல்லும் தம்பி."

"கலவரத்தில வெள்ளவத்தையில என்ர தையல்கடைய எரிச்சுப்போட்டு, என்னை ரோட்டில போட்டு அடிச்சாங்கள் அண்ணை. பொலிஸ்காரன் வந்தான். காப்பாத்தப் போறான் எண்டு நினைச்சன். அவன் சீருடையோட நிண்டு என்ர வாய்க்குள்ள மூத்திரம் பெய்தான். 'குடியடா, தமிழ் நாயே' எண்டான்."

உருத்திரமூர்த்தி முகத்தைச் சுளித்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி இனிமையாக ஒரு வசனம் சொன்னார். நீதிபதி கையிலிருந்த சின்ன ஒலிப்பதிவுக் கருவிக்குள் அதையே ஓதினார்: ஒரு பொலிஸ்காரர் மனுதாரரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்.

மரியாதைக் குறைவு என்ற அந்த ஜேர்மன் சொல் தவராசாவுக்குத் தெரியும். சாப்பிட வந்தவர்களைப் பார்த்து அவன் சிரிக்காதபோதெல்லாம், வேலை செய்யும் உணவகத்தின் முதலாளி அவனுக்குச் சொல்லும் சொல்.

"அண்ணை, நான் சொன்னது அதில்லை."

"அதைத்தான் நாகரிகமாச் சொன்னனான். போனமுறையும் அப்பிடித்தானே சொன்னனான். எங்கட ஆக்களைப் பற்றி இவை என்ன நினைப்பினம்?"

"பெய்தது நானோ அண்ணை?"

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். தவராசா எழுந்தான். கோப்பை கழுவும் இடத்தில் பொறுக்கிய ஜேர்மன்தான் அவனிடம் இருந்தது. நாகரிகமான சொல் அதில் ஒன்றுமில்லை. இருந்ததைக் கொண்டே சொன்னான். வாயைக் காட்டினான். நாய் என்றான், தமிழ் என்றான், பொலிஸ் என்றான். உருத்திரமூர்த்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதிக்கு எல்லாம் விளங்கியது. முதல் விசாரணைக் கோப்பைப் புரட்டினார். பிறகு நிறுத்தி நிதானமாக ஓதினார்: இச்சம்பவத்தை மனுதாரர் முதல் விசாரணையில் கூறவில்லை. அன்று கூறியது மரியாதைக் குறைவு மட்டுமே. வழக்குக்காகப் பிற்பாடு கூட்டிச் சொல்லப்பட்டதை நம்புவதற்கில்லை.

வழக்குத் தள்ளுபடியானது.

வெளியே நடைக்கூடத்தில் உருத்திரமூர்த்தி கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "நான் அப்பவே சொன்னனான். அசிங்கமாக் கதைச்சுக் கெடுத்துப்போட்டீர். பரவாயில்லை, மேல் நீதிமன்றத்துக்கும் நானே வாறன்."

"வேண்டாம் அண்ணை. ஜேர்மன் தெரிஞ்ச சிங்களவன் ஆரும் இருந்தாக் கூட்டிக்கொண்டு போறன். அவனுக்காவது மூத்திரம் மூத்திரம்தான்."