பதினெட்டாவது மீட்டர்

மூன்று கேபிள் துண்டுகளும் அறிவுச்செல்வியின் மேசைமேல் கிடந்தன. ஒன்றுக்குச் சாதாரண பி.வி.சி. மேலுறை, இன்னொன்றுக்கு ரப்பர். கடைசியாக வந்ததற்குப் பாலியூரித்தேன்; அதைக் கத்தியால் கீறுவதே கஷ்டம். மூன்றும் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கோழிப்பண்ணையிலிருந்து, மூன்று மாதத்துக்கு ஒன்றாகத் திரும்பி வந்தவை. மின்சாரம் வருகிற பேனல் பெட்டியிலிருந்து அளந்தால் மூன்றிலும் சரியாகப் பதினெட்டாவது மீட்டரில், ஒரு சாண் நீளத்துக்கு மேலுறை பிளந்திருந்தது.

சேலத்துக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில், எந்தக் கேபிளுக்கு எந்த மேலுறை என்று முடிவு செய்வது பதினோரு வருடமாக அவளுடைய வேலை. கோழி எச்சத்தின் காரம் பி.வி.சி.யை விறைக்க வைத்திருக்கும் என்று நினைத்து ரப்பர் கொடுத்தாள். அதை எலி கடித்திருக்கும் என்று நினைத்துப் பாலியூரித்தேன் கொடுத்தாள். இப்போது நினைக்க ஒன்றும் மிச்சமில்லை. நுண்ணோக்கியில் பல் தடமும் இல்லை, கத்தித் தடமும் இல்லை. பிளவின் இரண்டு உதடுகளும் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தன, உள்ளேயிருந்து யாரோ விரலை விட்டு விரித்த மாதிரி. உள்ளே இருந்த நான்கு கம்பிகளின் உறையிலும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் பண்ணையின் பெயர் அவளுக்குப் புதிதல்ல. போன பங்குனியில் அங்கே முத்தாயம்மாள் என்கிற பெண், தீவன டிராலியைத் தொட்டு மின்சாரம் தாக்கிச் செத்துப்போனாள். அப்போது ஓடிய கேபிளைச் சோதித்தவள் அறிவுச்செல்விதான். மேலுறை முழுசாக இருந்தது. மேசைமேல் நேராக நீட்டிப் போட்டு மீட்டர் கருவியை வைத்தபோது நான்கு கம்பிகளுக்கும் அது கீச்சென்றது; எதுவும் அறுந்திருக்கவில்லை என்று அர்த்தம். ‘கேபிளில் குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஈரக்கையோடு தொட்டது முத்தாயம்மாளின் தப்பு என்று எல்லாரும் முடித்துவிட்டார்கள்.

நான்காவது முறை, பாலியூரித்தேனுக்குள் நைலான் நூல் பின்னல் வைத்துத் தனியாக ஒரு கேபிள் செய்து அனுப்பினாள். இரண்டரை மாதம் சத்தமில்லை. பிறகு ஒரு காலையில் பண்ணைக்காரர் அன்பழகன் போன் செய்தார்.

“மேடம், ஒருக்கா நேர்ல வந்து பாருங்க. இன்னும் பிளக்கலீங்க. ஆனா நாளைக்குள்ள பிளந்துக்கும்.”

“அதெப்படிங்க சொல்றீங்க?”

“ஷெட்டு நடுவுல இருக்கற கோழிங்க கத்தறத நிறுத்திருச்சுங்க. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.”

பத்தரை மணிக்கு அவள் பண்ணையில் இருந்தாள். முந்நூறு அடி நீள ஷெட், இரண்டு பக்கமும் கூண்டுகள், ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழிகள். கூண்டுகளுக்கு மேலே தண்டவாளத்தில் தீவன டிராலி ஓடும். அதன் பின்னாலேயே கேபிள் இழுபட்டுப் போகும். வெளி முற்றத்தில் நின்றபோது காதைப் பிளக்கும் கொக்கரிப்பு. ஷெட்டின் நடுப்பகுதிக்குப் போகப்போக அது குறைந்தது. நடுவில் சுத்தமாக இல்லை. அங்கிருந்த கோழிகள் உயிரோடுதான் இருந்தன. தலையை வெளியே நீட்டிக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவை பார்த்த இடத்தில் கேபிளைத் திருப்பிவிடும் கப்பி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இது கமலவேணிங்க. முத்தாயம்மா மக. அம்மா பாத்த வேலைய இப்ப இவங்கதான் பாக்கறாங்க,” என்றார் அன்பழகன்.

அறிவுச்செல்வியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “இந்த இடத்துலதானுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“இதே இடந்தானுங்க,” என்றாள் கமலவேணி. “எங்கம்மா கை ஈரமா இருக்கலீங்க. தீவனம் அள்ளிட்டு வந்த கை. மாவுதான் ஒட்டியிருந்துச்சு. சொன்னா யாரு கேட்டாங்க?”

பதினொரு மணிக்கு டிராலியை ஓடவிட்டார்கள். கூண்டுகளைத் தொடக்கூடாது என்று அன்பழகன் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். தீவனம் கொட்டிக்கொண்டே வந்தது. நடுப்பகுதிக் கோழிகள் ஒன்றுகூடக் குனிந்து கொத்தவில்லை. ஷெட்டின் கோடியில் டிராலி திரும்புவதற்காக நின்றது. கேபிள் கப்பியில் வளைந்து இறுகியது.

இப்போது பிளந்துவிடும் என்று அன்பழகன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மின்விசிறிகள் நின்றன. அந்த அமைதியில் அறிவுச்செல்வி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கப்பியின் மேல் கிடந்த கேபிள் லேசாகப் புடைத்தது, தண்ணீர் விழுங்குகிற தொண்டை மாதிரி. மேலுறையின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. கோடு நீண்டது. உள்ளே நைலான் நூல்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒன்றும் அறுபடவில்லை, தலைமுடியை வகிடெடுப்பது போல ஒதுங்கிக்கொண்டன. ஒரு சாண் நீளத்தில் அது நின்றது. பிறகு நான்கு கம்பிகளில் எர்த் கம்பியான பச்சைக் கம்பி மட்டும் மெல்ல வெளியே எழும்பியது.

“அய்யோ சாமி,” என்று அன்பழகன் பின்னால் நகர்ந்தார். கமலவேணி நகரவில்லை.

ஓடிவிடத்தான் அறிவுச்செல்விக்குத் தோன்றியது. ஆனால் கை தானாக நீண்டது. பச்சைக் கம்பி ஒரு மனுசியின் மணிக்கட்டைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். செம்புக் கம்பியின் விறைப்பு அந்த ஒரு இடத்தில் மட்டும் இல்லை. வெறும் உறை மட்டும் துணி போல மடங்கியது.

பையிலிருந்து மீட்டரை எடுத்தாள். கம்பியை நேராகப் பிடித்து வைத்தபோது மீட்டர் கீச்சென்று சத்தம் கொடுத்தது. வளைத்தாள். சத்தம் நின்றது. நேராக்கினாள், கத்தியது. வளைத்தாள், நின்றது. பிறகு பச்சை உறையைக் கீறினாள். உள்ளே மயிரிழை மயிரிழையான செம்புக் கம்பிகள் அத்தனையும் ஒரே இடத்தில் அறுந்து, நுனி கருத்துக் கிடந்தன.

அவள் கப்பியைப் பார்த்தாள். டீ கிளாஸ் வாயளவுகூட இல்லாத கப்பி. ஒரு நாளில் எத்தனை தடவை டிராலி திரும்பினாலும், இதே பதினெட்டாவது மீட்டர்தான் இதில் சுருண்டு இறுகும். வெளியே எவ்வளவு நல்ல மேலுறை போட்டாலும் உள்ளே எர்த் கம்பி முறிந்துகொண்டேதான் இருக்கும். மேலுறை உறுதியாக உறுதியாக, முறிந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. மோட்டாரில் கசிகிற கரண்டு பூமிக்குப் போக வழியில்லாமல் டிராலியின் உடம்பில் நிற்கும், யாராவது தொடுகிறவரை.

“என்னங்க மேடம், இன்னும் கெட்டியா ஒண்ணு போடலாமுங்களா?” என்றார் அன்பழகன்.

“வேண்டாமுங்க. மேலுறையில ஒண்ணுமில்ல. நான்தான் ஒரு வருசமா தப்பான இடத்தப் பாத்துட்டு இருந்திருக்கேன்.” அவள் கமலவேணியிடம் திரும்பினாள். “உங்க அம்மா போனப்ப ஓடின கேபிள நான்தானுங்க சோதிச்சேன். நேரா நீட்டி வெச்சுப் பாத்தேன். வளைச்சுப் பாக்கல.”

கமலவேணி அவளையே பார்த்தாள். “அப்ப அது இன்னும் உங்ககிட்ட இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

இருந்தது. விபத்துக் கேபிளைத் துணிப்பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, ஆய்வுக்கூட அலமாரியில் பூட்டியிருந்தார்கள். அறிவுச்செல்வி அன்று மத்தியானமே தொழிற்சாலைக்குத் திரும்பி, மேலாளர் தீபிகாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். பூட்டு சரியாக இருந்தது. முத்திரை உடையவில்லை, அதன்மேல் அவளே எழுதிய தேதி இருந்தது. பையைப் பிரித்துக் கேபிளை மேசைமேல் போட்டாள்.

பதினெட்டாவது மீட்டரில் மேலுறை விரிந்திருந்தது. பச்சைக் கம்பி வெளியே நின்றது.

“முழுசா இருக்குன்னுதானே எழுதியிருந்தீங்க?” என்றாள் தீபிகா, குரல் இறங்கி.

“முழுசாத்தான் இருந்துச்சு. போட்டோ இருக்குங்க.”

இரண்டு பேரும் அந்த போட்டோவை எடுத்துப் பார்த்தார்கள். அதில் மேலுறை வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. தீபிகா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அறிவுச்செல்வி அங்கேயே உட்கார்ந்து புது அறிக்கை எழுதினாள். எர்த் கம்பி உள்ளே முறிந்திருந்ததும், கப்பி சிறிசாக இருந்ததும், தன் சோதனை தப்பானதும் அதில் இருந்தன. இறந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதைத் தனி வரியாக எழுதினாள். மேலுறை எப்படித் திறந்தது என்பதற்கு ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதினாள். மின் ஆய்வாளருக்கு ஒரு படி போனது. நிர்வாகம் அவளை ஆய்வுக்கூடத்திலிருந்து சரக்கு அனுப்பும் பகுதிக்கு மாற்றியது.

பண்ணையில் பெரிய கப்பி போட்டார்கள். கசிவு வந்தால் தானே அணைகிற சுவிட்சும் வைத்தார்கள். சாதாரண ரப்பர் மேலுறைக் கேபிள் ஒரு வருடம் தாண்டி ஓடியது. நடுப்பகுதிக் கோழிகள் மற்றவற்றைப் போலவே கத்தின.

இறந்தவர் மேல் தவறில்லை என்று ஆய்வாளரின் உத்தரவு வந்த அன்று, அறிவுச்செல்வி அதை எடுத்துக்கொண்டு கமலவேணியைப் பார்க்கப் போனாள். கமலவேணி எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். இருவரும் ஷெட்டுக்குள் நடந்தார்கள். கப்பிக்குக் கீழே சுவரோரமாக ஒரு சொம்பு இருந்தது, பாதித் தண்ணீரோடு.

“காலையில அம்மாவுக்குன்னு ரொப்பி வெச்சிட்டுப் போவேனுங்க. மத்தியானத்துக்குள்ள பாதி ஆயிரும்,” என்றாள் கமலவேணி. “கோழி குடிச்சிருக்கும்னு நெனச்சுக்குவேன்.”

அறிவுச்செல்வி கூண்டுகளைப் பார்த்தாள். எல்லாவற்றின் கதவும் சாத்தியிருந்தது. கமலவேணி சொம்பை எடுத்துப் போய்க் குழாயில் மறுபடி நிறைத்துக்கொண்டு வந்தாள்.