பின் சீட்டுக்கு பிரேக் கிடையாது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு பத்திரிகையின் சுற்றுலாப் பக்கத்துக்கு, ‘புதிதாக ஓட்டுபவர்களும் குடும்பத்தோடு வருபவர்களும் வழிகாட்டி இல்லாமல் தாங்களே போய்வரக்கூடிய எளிய கிராமப்புற சைக்கிள் பயணம்’ பற்றி ஒரு பக்கக் கட்டுரைதான் கேட்டார்கள். நானும் தலையாட்டினேன். வாடகை சைக்கிள் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்தே ஒப்பேற்றிவிடலாம் என்பது திட்டம். எனக்கு முழங்கால் வலி. (பொய். சோம்பல்.)

“மேடு பள்ளமில்லாத பாதை. இருபுறமும் பசுமை. பெரியவர்களும் குழந்தைகளும் ஆனந்தமாக”

இதை எழுதும்போதுதான் அந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். ஒருத்தி பேருந்து நிறுத்தத்துப் பக்கமிருந்து, இன்னொருத்தி பாலத்துப் பக்கமிருந்து. ஒருத்தியை ஒருத்தி பார்த்ததும் இருவருமே திரும்பிப் போய்விடுவார்கள் போல நின்றார்கள். இருவருமே போகவில்லை. என் வாக்கியம் ‘ஆனந்தமாக’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இன்றுவரை அதற்கு வினைமுற்று கிடைக்கவில்லை.

2

அவளை எப்படி அறிமுகப்படுத்துவது?

“கண்டிப்புக்குப் பேர்போன அந்த அதிகாரியின் முகத்தில் ஒருநாளும் சிரிப்பு”

வேண்டாம். கண்டிப்பான அதிகாரி என்றால் கடைசிப் பக்கத்தில் அழவைக்க வேண்டியிருக்கும். நேராகச் சொல்கிறேன். அவள் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்துகிறவள். வயதுக்கு ‘அவர்’ என்று எழுதவேண்டும். எழுதிப் பார்த்தேன், அரசாணை மாதிரி இருந்தது. காலை முதல் மாலை வரை முன்பின் தெரியாத ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கண்ணாடியைப் பார்க்கிறார்களா, வளைவில் கியர் மாற்றுகிறார்களா என்று கவனிப்பது அவள் தொழில். தேர்வு வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த ஒரு பெடலை நம்பித்தான் அவள் நிம்மதியாக வாழ்ந்துவந்தாள். சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரியாது. அது அவள் மகளுக்கும், இதோ எதிரே நிற்கிறவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

எதிரே நிற்பவள் சலவைக்கடைக்காரி. இஸ்திரி போட்ட துணி மூட்டையை சைக்கிளில் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள். கார் வாங்கலாம் என்று ஒரு காலத்தில் தேர்வுக்கு வந்தாள். நன்றாகத்தான் ஓட்டினாள். நடுத்தெருவில் திடீரென்று வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நடைபாதையில் போன ஒருவரிடம், “அண்ணே, உங்க கோட்டு ரெடி, வந்து எடுத்துக்குங்க” என்றாள். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. அதிகாரி ஃபெயில் போட்டாள். சலவைக்கடைக்காரி அழுதுபார்த்தாள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

பிறகு அதிகாரியின் மகளும் சலவைக்கடைக்காரியின் மகனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்காதீர்கள். ஊர் சின்னது, நல்ல சலவைக்கடை ஒன்றுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பிள்ளைகளைவிடச் சம்பந்திகள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலமானால் அதிகாரி சலவைக்கடையின் பின்னறைக்குப் போய்விடுவாள். நீராவி இஸ்திரி ‘புஸ்’ஸென்று மூச்சு விடும். மருத்துவமனைப் படுக்கை விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து, அந்த வாரம் யார் யார் வண்டியை எதில் மோதப் பார்த்தார்கள் என்று சொல்வாள். மற்றவள் யார் யார் சட்டைப்பையில் என்னென்ன கிடைத்தது என்று சொல்வாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள்.

ஒருநாள் பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள். இந்தப் பக்கமிருந்து போவதும் நின்றது. அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவதும் நின்றது. யாரும் போகாதே என்று தடுக்கவில்லை. என்ன முகத்தோடு போவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

2, மறுபடியும்

(பிள்ளைகள் ஏன் பிரிந்தார்கள் என்று எழுதியிருந்த பத்தி இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன்.

காரணம் சொல்ல வேண்டிவந்ததும் என் கை தானாக மாமியார் பக்கம் போய்விட்டது. மாமியார் என்று எழுதினாலே பேனாவுக்குக் கொம்பு முளைத்துவிடுகிறது. முதல் வரைவில் சலவைக்கடைக்காரி மருமகளின் சோற்றில் உப்பை அள்ளிக் கொட்டினாள். சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்டாள். படித்துப் பார்த்த பத்திரிகை ஆசிரியர், “இப்பத்தாங்க கதை சூடு பிடிக்குது” என்றார். அப்போதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. வாசலில் அவளைப் பார்த்த எனக்கு அது தெரியும்.

உண்மைக் காரணம் சப்பென்றது. பிள்ளைகள் இருவரும் நல்லவர்கள், ஒரே வீட்டில் இருந்தால் இருவருக்கும் மூச்சு முட்டியது. அவ்வளவுதான்.)

3

இந்த சைக்கிள் சவாரி பிள்ளைகள் சேர்ந்திருந்த நாளில் தங்கள் அம்மாக்களுக்குப் பரிசாகப் பதிவு செய்தது. யாரும் ரத்து செய்யவில்லை. ‘நாளை உங்கள் குடும்பச் சவாரி’ என்று இருவர் கைப்பேசிக்கும் தகவல் வந்தது. அவள் எங்கே வரப்போகிறாள் என்று இவள் நினைத்தாள். ஒருவேளை வந்துவிட்டால் என்றும் நினைத்தாள். மற்றவளும் அப்படியே.

சைக்கிள் கடைக்காரர் கேட்டார். “அம்மா ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களா?”

“இல்ல” என்றாள் அதிகாரி.

“ஆமா” என்றாள் சலவைக்கடைக்காரி.

“ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டுற சைக்கிள்தான் போட்டிருக்கு. குடும்பம்னு இருக்கே, நீங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்?”

இருவரும் சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்தார்கள்.*

* நம் மொழியைப் பற்றி ஒரு புகார். நாத்தனார், ஓரகத்தி, சகலை என்று ஒருவரையும் விடாமல் பெயர் வைத்த மொழி, சம்பந்தம் முறிந்த சம்பந்திக்கு ஒரு சொல் வைக்கவில்லை. ‘முன்னாள் சம்பந்தி’ என்றால் தேர்தலில் தோற்ற மாதிரி இருக்கிறது.

“தெரிஞ்சவங்க” என்றாள் அதிகாரி கடைசியில். மற்றவள் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். அதிகாரி அதைச் சுற்றிவந்து, தேர்வு வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“பிரேக் எங்க இருக்கு?”

“முன்னாடி.”

“பின் சீட்டுக்கு?”

“பின் சீட்டுக்கு நம்பிக்கைதாங்க” என்றார் கடைக்காரர்.

4

(நான் நாற்காலியில்தான் இருந்தேன். பிறகு நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கதை எழுதுகிறவனிடம் இதைக் கேட்பது, சமையல்காரனிடம் ருசி பார்த்தாயா என்று கேட்பதுபோல.)

வாய்க்கால் கரை வழியாகப் போகும் பாதை அது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். கடையில் கொடுத்த துண்டுத்தாளில் ‘மிக எளிது’ என்று போட்டிருந்தது. அதை எழுதியவன் அதிகாரியைப் பின்னால் உட்காரவைத்துப் பார்த்ததில்லை. எதிரே ஒரு வாத்து வந்தாலும் அவள் வலது கால் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தது. அங்கே இருந்தது பெடல். அதனால் அவள் பயப்படும்போதெல்லாம் சைக்கிள் வேகமெடுத்தது.

“மெதுவாப் போங்க.”

“நான் மெதுவாத்தான் போறேன். நீங்கதான் போட்டு அழுத்துறீங்க.”

“வாத்து வருது, சம்…” பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

முன்னால் இருந்தவள் திரும்பாமல் சொன்னாள். “முழுசாச் சொல்லுங்க. பாதியில நிறுத்தினா வண்டி ஆடுது.”

“சம்பந்தி” என்றாள் அதிகாரி.

“ம். இப்ப நேராப் போகுது பாருங்க.”

கொஞ்ச தூரம் போனார்கள். எதிரில் முகம் இல்லாமல் ஒரு முதுகு மட்டும் இருந்தால் சில விஷயங்களைச் சொல்வது சுலபம். அதிகாரி அந்த முதுகிடம் சொன்னாள்.

“வக்கீல் ஒண்ணு சொல்றார். சும்மா பிடிக்கலைன்னு சொன்னா விவாகரத்துக் கேஸ் இழுத்துக்கிட்டே போகுமாம். யாராவது ஒருத்தர் கெட்டவங்களா இருந்தாச் சீக்கிரம் முடியுமாம்.”

“யாரு, என் பையனா?”

“நீங்க.”

பெடல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

“நான் என்ன செஞ்சேனாம்?”

“என் பொண்ணுக்குச் சோறு போடலையாம். வீட்டுத் துணி பூராவும் அவளைக் கையால துவைக்க வச்சீங்களாம். நான் பார்த்தேன்னு கோர்ட்டுல சொல்லணுமாம்.”

சலவைக்கடைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். “கையாலயா? கடை நிறைய மெஷினை வச்சுக்கிட்டா? யாருங்க அந்த வக்கீல், பொய்யைக்கூட யோசிச்சுச் சொல்லத் தெரியாத ஆளா இருக்காரு.” சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். “அவளே சொல்லச் சொன்னாளா?”

“வக்கீல் சொன்னார். அவ வேணாம்னு சொல்லலை.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பிரேக் விழுந்தது. சைக்கிள் நின்றது. சலவைக்கடைக்காரி இறங்கித் திரும்பினாள்.

“என்ன சொன்னீங்க?”

“யோசிச்சு திங்கக்கிழமை சொல்றேன்னேன்.”

“யோசிக்க என்ன இருக்கு இதுல?”

“அவ ராத்திரியில தூங்கறதில்ல. சுவரைப் பார்த்து உக்காந்திருக்கா. எப்படியாவது முடிஞ்சாப் போதும்னு…”

“என் பையன் மட்டும் தூங்குறானா? வீட்டுல இருக்க முடியலைன்னு கடையில வந்து படுத்துக்கிறான். மெஷின் சத்தம் இருந்தா எதுவும் தோணாதாம்.” சைக்கிளை, இறங்கி நின்ற அதிகாரியின் கையில் விட்டாள். “அன்னிக்கு உங்க முன்னாடி அவ்வளவு அழுதேன். மனசு இளகலை உங்களுக்கு. பொய்யா ஒருத்தருக்கும் பாஸ் போட மாட்டேன்னீங்க. எனக்குக் கோபம்தான். ஆனா வீட்டுக்குப் போய், இந்தப் பொம்பளைய நம்பலாம்னு நினைச்சுக்கிட்டேன். இப்ப பொய்யா ஃபெயில் போடப் போறீங்களா?”

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

சுற்றுலாப் பக்கத்துக்கு ஒன்று: அந்த நேரம் பார்த்து சைக்கிள் வழுக்கி, இருவரும் வாய்க்காலில் விழுந்து, நனைந்து, சிரித்து, கட்டிக்கொண்டு, கடைக்கு வந்து இன்னொரு சுற்றுக்குப் பதிவு செய்கிறார்கள்.

இலக்கிய இதழுக்கு ஒன்று: யாரும் எதுவும் பேசவில்லை. ஒரு கொக்கு பறந்தது.

என் மாமியாருக்கு ஒன்று: பிரிந்த பிள்ளைகள் இருவரும் எதிர்த்திசையிலிருந்து ஒரே சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வருகிறார்கள்.

மூன்றும் நடக்கவில்லை.

6

நடந்தது இது. அதிகாரி கைப்பேசியை எடுத்து மகளுக்கு அடித்தாள். ஒரு கையில் கைப்பேசி, ஒரு கையில் சைக்கிள். அதற்கு ஸ்டாண்டு உடைந்திருந்தது. தரையில் படுக்கவைத்தால் வாய்க்காலுக்குள் சறுக்கும். சாய்த்துவைக்க மரமில்லை. (முன்பே ஒரு மரம் வைத்திருக்கலாம். தோன்றவில்லை.)

“நான் கோர்ட்டுக்கு வர்றேன்மா. வந்து பார்த்ததைத்தான் சொல்வேன். அந்த வீட்டுல உன்னை யாரும் ஒண்ணும் பண்ணலை.”

மகள் கேட்டாள். “அப்ப இது எப்பம்மா முடியும்?”

“தெரியலை.”

“என் பக்கம் நீ இல்லையா? உனக்கு நான் முக்கியமா, அவங்க முக்கியமா?”

“நீதான். அதனாலதான்…”

அவள் இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் முடித்துப் பார்த்தேன். ‘அதனாலதான் நீ பொய் சொல்லக்கூடாது’ என்றால் உபதேசம். ‘அதனாலதான் உன்னைக் காப்பாத்தறேன்’ என்றால் நாடகம். அவள் தொண்டையில் நின்றது இரண்டும் இல்லை. விட்டுவிட்டேன்.

அப்போது வயல் பக்கமிருந்து வந்த தூசியில் சலவைக்கடைக்காரி தும்மினாள். தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை. ஒன்று வந்தால் பின்னாலேயே ஒரு படை வரும்.

மறுமுனையில் மகளின் குரல் மாறியது. “அத்தையா அது?”

அதிகாரி, “ம்” என்றாள்.

“பக்கத்துலயேவா இருக்காங்க? எல்லாம் கேட்டாங்களா?”

“ம்.”

பிறகு மகள் சொன்னாள். “போனை அத்தைகிட்டக் குடு.”

அதிகாரி நீட்டினாள். சலவைக்கடைக்காரி இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். “சொல்லுடா” என்றாள். அடுத்து வந்ததைக் கேட்டதும் அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வரப்பில் இறங்கி, வயலுக்குள் நடந்துபோனாள். பேச்சு கேட்காத தூரத்தில் நின்றாள். அவள் தலை ஆடியது. ஆமென்றா, இல்லையென்றா, இங்கிருந்து தெரியவில்லை. ஒருமுறை குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பாகவும் இருக்கலாம்.

7

அதிகாரி கரைமேல் நிற்கிறாள். போய்க் கேட்க வேண்டும் போல இருக்கிறது. கையை எடுத்தால் சைக்கிள் தண்ணீருக்குள் போய்விடும். தள்ளிக்கொண்டு போகலாமென்றால் வரப்பில் அது இறங்காது, ஓட்டவும் தெரியாது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நிற்கிறாள். யாருக்காகவும் இப்படிச் சும்மா நின்று அவளுக்குப் பழக்கமில்லை.

மகள் மாமியாரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. எழுத வராததால் அப்படிச் சொல்லவில்லை. அது அவர்கள் இருவருக்குமான பேச்சு. எனக்கு வேறு வேலையும் இருக்கிறது. பத்திரிகைக்காரர் இரண்டுமுறை அழைத்துவிட்டார்.

நீங்கள் சும்மாதானே நிற்கிறீர்கள். கொஞ்சம் வந்து இந்த சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் போய்வரட்டும்.