பிரான்சில் இருக்கும் மகன்

அப்பாவின் பட்டு வேட்டியை நிரூபா அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன் அடித்தது. காலையிலிருந்து இது நான்காவது. மார்க்கம் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அங்கிள். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேட்டிக் கரையை இழுத்துப் பிடித்தாள்.

“நோட்டீசைப் பாத்தனான் பிள்ளை. நல்ல மனுசன். தம்பி பிரான்சில இருந்து எப்ப வந்திறங்கிறார்?”

“பாப்பம் அங்கிள். ரிக்கெட் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

“இதில என்ன பாக்கக் கிடக்கு? பாரிசில இருந்து ஒவ்வொரு நாளும் பிளேன் வருது. எட்டு மணித்தியாலம். தகப்பன்ர செத்தவீட்டுக்கு எட்டு மணித்தியாலம் இருக்கேலாதோ?”

அவள் “ஓம் அங்கிள்” என்று சொல்லிப் போனை வைத்தாள். வேட்டி, சால்வை, வெள்ளைச் சேர்ட் மூன்றையும் நாலு மணிக்கு முன் பியூனரல் ஹோமில் கொடுக்கவேண்டும். மூன்று நாளாக அவள் ஒழுங்காகப் படுக்கவில்லை. அழுகைகூட ஒரு வேலையாகத்தான் தெரிந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தாள்.

அப்பா இரத்தினவேல் செவ்வாய்க்கிழமை விடியக் காலமே ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார். எழுபத்தாறு வயது. ஊரில் தபாற்கந்தோரில் கிளார்க். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்றபடி வேலை. இதயம் இரண்டு வருடமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பார்வைக்கு, ஞாயிறு பதினொரு மணிக்குக் கிரியை, ஒரு மணிக்குத் தகனம். எல்லாம் பதிவாகிவிட்டது.

மரண அறிவித்தலை எழுதியதும் நிரூபாதான். செவ்வாய் மத்தியானம், சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு இணையத்தளத்தின் படிவத்தை நிரப்பினாள். யாழ்ப்பாணம் அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், கனடா மல்வேர்னை வதிவிடமாகவும். பேபியின் அன்புக் கணவரும். பிறகு பிள்ளைகள். ஜனார்த்தன் (பிரான்ஸ்), நிரூபா (கனடா). அடைப்புக்குறிக்குள் நாடு போடாவிட்டால் நம்மாட்களுக்கு ஒரு பெயரும் முழுப் பெயராகாது. மருமகன் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது, அதை இரண்டு வருடத்துக்கு முன் கோர்ட்டில் போய் அவளே காலியாக்கியிருந்தாள். மருமகள் என்ற இடத்தை அவள் யோசிக்காமலே தாண்டிப் போனாள். ஏழு வருடப் பழக்கம் அது, கை தன்பாட்டில் போயிற்று.

தம்பி ஜனார்த்தன் பிரான்சில் இருந்தது உண்மையிலேயே இரண்டு வருடம். நிலத்தடி நீர் பற்றிப் படித்தான். அதன்பிறகு குழாய்க்கிணறு அடிக்கும் கம்பனி ஒன்றோடு ஆபிரிக்காவுக்கு, நைஜர் என்ற நாட்டுக்குப் போனான். அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த சீமோன் என்ற பெண்ணைக் கட்டினான். கலியாணப் படத்தை அனுப்பியபோது அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். “நான் இதை ஏற்கமாட்டன்” என்றார். சத்தம் போடவில்லை. “கேக்கிற ஆக்களுக்குப் பிரான்ஸ் எண்டு சொல்லுங்கோ. அங்க படிச்சவன்தானே.” வாழ்க்கையில் பாதியைப் பிறத்தியாரின் விலாசங்களோடு கழித்த மனிதர், தன் மகனின் விலாசத்தை ஒரே வசனத்தில் மாற்றினார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. நிரூபா தம்பியோடு வீடியோவில் கதைக்கும்போது மட்டும், உடுப்பு மடிக்கிற சாட்டில் அவளுக்குப் பின்னால் வந்து நிற்பாள். அதே உடுப்பை இரண்டு மூன்று தரம் மடிப்பாள்.

ஜூலைக் கடைசியில் அந்த நாட்டு ஆமிக்காரர் ஜனாதிபதியை அவரது வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்துவிட்டு ஆட்சியைப் பிடித்தார்கள். அயல்நாடுகள் பல ஒன்றாகச் சேர்ந்து, இந்த அரசாங்கத்தை ஏற்கமாட்டோம் என்றன. எல்லைகளை மூடின. நைஜீரியா அங்கே போகிற கரண்டை நிறுத்தியது. ஆமிக்காரர் பதிலுக்குத் தங்கள் ஆகாயத்தையே மூடினார்கள். அதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரரை ஏற்றிப்போக ஒரு விமானம் வந்ததாம். ஜனார்த்தனிடம் கனேடியப் பாஸ்போர்ட் இருந்தது, சீமோனிடம் இல்லை. அவன் ஏறவில்லை.

ஆட்சி கவிழ்ந்த செய்தி நிரூபாவுக்கு முதலில் தெரிந்தது அப்பா வாயிலாகத்தான். அந்த நாட்டின் பெயரையே வீட்டில் எடுக்கவிடாத மனிதர் ஐபாட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நாளுக்கு நாலு தரம் அதையே வாசித்தார். ஒரு பின்னேரம் பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னார்.

“சுத்திவர இருக்கிறவை உவங்களை ஏற்கேல்லையாம், பேபி.”

“ஏற்காட்டி? அங்க இருக்கிறது அவங்கள்தானே.”

அம்மா நிமிராமல்தான் சொன்னாள். அப்பா ஐபாட்டைக் குப்புறக் கவிழ்த்தார். அன்றைக்கு அவர் தேத்தண்ணி கேட்கவேயில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், அம்மா கீழே கோப்பி வாங்கப் போயிருந்த நேரம், ஒட்சிசன் குழாயைச் சற்று விலக்கிவிட்டு அவர் கேட்டார்.

“அங்க கரண்ட் வந்திட்டுதோ?”

“ரெண்டு மணித்தியாலம் வருமாம் அப்பா. பிறகு போயிடுமாம்.”

“ஃபான் இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு நித்திரை வருமே?”

ஜனார்த்தனின் மகள் ஸ்டெபனிக்கு நாலு வயது. அப்படி ஒரு பேத்தி தனக்கு இருக்கிறாள் என்று அப்பா காட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. “வரும் அப்பா. சீமோன் பக்கத்தில இருந்து விசிறிவிடுவா” என்றாள். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு அவர் பேசியது நர்சிடம் தண்ணீர் கேட்டது மட்டும்தான்.

செவ்வாய் காலை ஜனார்த்தனுக்குச் சொன்னபோது லைன் மூன்று தரம் அறுந்தது.

“அக்கா, புர்கினா நாட்டு எல்லை திறந்து கிடக்கு, அங்கால பஸ் ஓடுதாம். ஆமி காவலுக்குப் போகுதாம். நான் வெளிக்கிடட்டே?”

“எத்தினை நாள் எடுக்கும்?”

“சொல்லேலாது. ரெண்டு நாளும் எடுக்கும், ஒரு கிழமையும் எடுக்கும். ஆயுதக்காரர் றோட்டில மறிச்சுச் சுடுறாங்கள்.”

“சீமோனும் பிள்ளையும்?”

அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை பிரெஞ்சில் எதையோ கேட்டது.

“வராத” என்றாள் நிரூபா.

“அக்கா.”

“வராத எண்டிறன். இங்க நான் பாக்கிறன்.”

அப்படிச் சொன்னவள் அவள். ஊரார் திட்டுவது அவனை. அப்பா போட்டுவைத்த பொய் அப்பா இருந்தவரை ஒருவரையும் கடிக்கவில்லை. இப்போது அது தம்பியை, பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வராத மகனாக்கி, ஸ்காபரோ முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

வேட்டியை மடித்து முடிக்கவும் சித்தப்பா நல்லைநாதன் வந்துவிட்டார். அப்பாவின் தம்பி. வந்ததும் வராததுமாகச் சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார்.

“ஐயரோட கதைச்சிட்டன் பிள்ளை. எங்கட ராகுலன் கொள்ளி வைக்கட்டும். தம்பியின்ர மகனும் மகன்தான், முறையில பிழையில்லை.”

“ஓம் சித்தப்பா. நல்லது.”

“கேக்கிற ஆக்களுக்கு, ஜனாவுக்கு லீவு குடுக்கேல்லை எண்டு சொல்லுவம்.”

நிரூபா அயர்னின் பிளக்கைப் பிடுங்கினாள். “அப்பிடிச் சொன்னா அவனைப் பற்றி என்ன நினைப்பினம் சித்தப்பா? நோட்டீசை மாத்தப்போறன். அவன் எங்க இருக்கிறான், ஆரோட இருக்கிறான் எண்டு போடப்போறன்.”

“விசர்க்கதை கதைக்காத. அண்ணை ஏற்காத ஒண்டை, அண்ணையின்ர நோட்டீசில போடுறதோ?”

“அப்பா அந்தப் பிள்ளையை விசாரிச்சவர். திங்கக்கிழமை. ஃபான் இல்லாமல் நித்திரை வருமோ எண்டு கேட்டவர்.”

“ஆருக்கு முன்னால கேட்டவர்?”

“எனக்கு முன்னால.”

சித்தப்பா கதிரையில் இருந்தார். அவரும் களைத்துப்போயிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. “செத்த மனுசன்ர வாயில இனி ஆரும் எதையும் போடலாம் பிள்ளை” என்றார்.

அம்மாவின் அறைக்கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ளே அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்காமல் செய்வது சரியில்லை என்று நிரூபாவுக்குத் தெரியும். கேட்டால் அம்மா என்ன சொல்வாளோ என்று பயமாகவும் இருந்தது. ஆகவே கேட்கவில்லை. காருக்குள் போயிருந்து இணையத்தளக் கந்தோருக்குப் போன் எடுத்தாள்.

“மாத்தலாம் அக்கா” என்றது ஒரு இளம் குரல். “ஆனா ஆறாயிரம் பேர் பாத்திட்டினம்.”

“பரவாயில்லை. ஜனார்த்தன், சீமோன். நைஜர். பேத்தி ஸ்டெபனி.”

“நைஜீரியாவோ அக்கா?”

“இல்லை. அதுக்கு மேல இருக்கிற நாடு. இப்ப ரெண்டு நாட்டுக்கும் இடையில சரியில்லை.”

“ஓகே அக்கா. உங்கட வீட்டுச் சம்மதத்தோடதானே?”

“ஓம்” என்றாள் நிரூபா. அவளும் ஒரு பொய் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பார்வைக்கு வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார்களே தவிர ஒன்றும் கேட்கவில்லை. அம்மா நோட்டீசைப் பார்த்தாளோ என்னவோ, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சித்தப்பா நிரூபாவோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார்.

ஞாயிறு மண்டபம் நிறைந்துவிட்டது. ஏசி குளிர் எலும்புக்குள் போயிற்று. புதிதாக அச்சடித்த நோட்டீஸ்கள் வாசலில் அடுக்கியிருந்தன. பூ வளையம் வைக்கிற ஸ்டாண்ட் ஒன்றில் நிரூபா அப்பாவின் ஐபாட்டைப் பொருத்தி, பெட்டிக்கு எதிரே வைத்திருந்தாள். அதன் திரையில் ஜனார்த்தன் வெறும் மேலோடு வேட்டி கட்டி நிலத்தில் இருந்தான். அங்கே பின்னேரம் நாலு மணி, சுவரெல்லாம் வெயில் தெரிந்தது. சீமோன் வெள்ளைத் துணியால் தலையை மூடியிருந்தாள். குழந்தை பெனியனோடு அவள் மடியில் கிடந்தது. சீமோன் ஒரு அட்டையால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

ஐயர் ராகுலனுக்குத் தர்ப்பை போட்டார். ராகுலன் பாவம், எதையாவது பிழையாகச் செய்துவிடுவோமோ என்ற பயத்தில் வியர்த்துக்கொண்டிருந்தான். தேவாரம் முடிந்த இடைவெளியில், பக்கத்து டவுன்ஹவுஸ் புஸ்பராணி அன்ரி நோட்டீசோடு அம்மாவிடம் குனிந்தாள். அன்ரிக்கு மெதுவாகக் கதைக்க வராது.

“பேபியக்கா, இதில சீமோன் எண்டு கிடக்கு. ஆர் அது?”

முன்வரிசைகளில் பேச்சு நின்றது. சித்தப்பா நிலத்தைப் பார்த்தார்.

அம்மா நோட்டீசை வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, உதடு அசைய அந்த வரியை முழுதும் வாசித்தாள். பிறகு ஐபாட்டைக் காட்டினாள்.

“அந்தா இருக்கிறா. மருமகள்.”

“எப்ப கலியாணம்?”

“ஏழு வரியமாகுது. மடியில கிடக்கிறது பேத்தி. அங்க ஆமி ஆட்சியைப் பிடிச்சுப் பிளேன் ஒண்டும் ஓடேல்லை.” அம்மா நிமிர்ந்து அன்ரியைப் பார்த்தாள். “அவன் வரத்தான் நிண்டவன். வராத எண்டு சொன்னது நாங்கள்.”

நாங்கள் என்றாள். நிரூபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தள்ளிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

வாய்க்கரிசி போட எல்லோரும் எழும்பினார்கள். அம்மா ஸ்டாண்டிலிருந்து ஐபாட்டைக் கழற்றினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பெட்டிக்குக் கிட்டப் போய் அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். “ஜனா, பார்” என்றாள். அவன் கை கூப்பினான். சீமோன் விசிறுவதை நிறுத்தி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படம் அப்படியே நின்றது. பிறகு திரை கறுத்தது.

“அவன்ர போன் சார்ஜ் முடிஞ்சிருக்கும் அம்மா” என்றாள் நிரூபா.

பியூனரல் ஹோமைச் சேர்ந்த றோய் மெல்ல நடந்து வந்தான். கறுப்புக் கோட், பணிவான ஆள். தகனத்துக்கு நேரமாகிறது, இனிப் பெட்டியை மூடவேண்டும் என்று நிரூபாவின் காதில் சொன்னான். அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. அங்க கரண்ட் வரும்.”

“அது எப்ப வருமெண்டு சொல்லேலாதம்மா.”

“வரும்.”

நிரூபா றோயிடம் பத்து நிமிடம் கேட்டாள். எழும்பியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப இருந்தார்கள். சித்தப்பா எங்கிருந்தோ ஒரு கதிரையைத் தூக்கிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு வைத்தார். ராகுலன் கைப்பிடி அரிசியோடு அப்படியே நின்றான். அம்மா ஐபாட்டை மடியில் மல்லாத்தி வைத்துச் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். அந்தக் குளிருக்குள், கையிலிருந்த நோட்டீசால் அதற்கு மெதுவாக விசிறத் தொடங்கினாள்.