படகுத்துறையில் நாலு மணி

1

இந்தக் கதை திருடியது. திருடிய இடம் என் அக்கா வீட்டுச் சமையலறை. அக்காவும் அத்தானும் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு பெரிய நகரத்தை ஆறு நாள் சுற்றிவிட்டுத் திரும்பிய மறுவாரம் அது நடந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னதை, கூடமாட உதவுகிற சாக்கில் உட்கார்ந்து கேட்டேன். "இதைக் கதையா எழுதித் தொலைச்சிடாதே" என்றாள். அக்கா அப்படிச் சொன்னால் எழுதலாம் என்று அர்த்தம். எழுதவே கூடாது என்றால் என்னிடம் வாயே திறந்திருக்க மாட்டாள்.

முதல் வாக்கியத்தை மூன்று தரம் எழுதினேன்.

'நகரத்தின் நடுவே ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல், ஏதோ ஒரு...' (எதைப் போல ஓடியது என்று எனக்குத் தெரியாது. நான் போனதில்லை.)

'வானுயர்ந்த கட்டடங்களைக் கண்டு அவர்கள் வாய் பிளந்து...' (பொய். அத்தான் அண்ணாந்தே பார்க்கவில்லை.)

'ஐந்து நாளும் அக்கா பார்த்தது அத்தானின் முதுகைத்தான்.' இது இருக்கட்டும்.

2

அத்தான் பேருந்து நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதி விரட்டுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு விரட்ட வண்டி இல்லை, அக்கா இருந்தாள். சுற்றுலாவுக்கு அவர் போட்ட அட்டவணையை நானே பார்த்தேன். அரண்மனை நாற்பது நிமிடம், பூங்கா இருபது, கழிப்பறை ஐந்து. மேம்பால ரயிலிலும் சந்தையிலும் அவர் பத்தடி முன்னால் போக, அக்கா பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறாள்.

அந்த நகரத்து நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். விமானம் இறங்கியதும் மற்றவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தார்கள். அத்தான் தொடவில்லை. அது முப்பத்திரண்டு வருடம் வானொலி நேரத்தோடு ஒத்துப் பார்த்த கைக்கடிகாரம். ஆறு நாளைக்காக அதைத் திருக வேண்டுமா, ஒன்றரையைக் கூட்டிக்கொண்டால் போச்சு என்று சொல்லிவிட்டார். ஐந்து நாளும் அவர் மனக்கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

(இந்த மனிதரை நீங்கள் வெறுத்துவிடுவீர்களோ என்று பயந்து, அவருக்கு ஏதாவது ஒரு நல்ல குணம் கொடுத்துப் பார்த்தேன். தெருநாய்க்கு பிஸ்கட் போடுகிறவராக, அல்லது குழந்தைகளைக் கண்டால்... வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், அவருடையதே வருகிறது.)

3

கடைசி நாள் காலை, ஓட்டல் சாப்பாட்டறையில் அத்தான் அட்டவணையை விரித்தார். அக்கா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"அஞ்சு நாளா நான் இந்த ஊரைப் பார்க்கலைங்க, உங்க முதுகைத்தான் பார்த்தேன். இன்னைக்கு நீங்க ஒரு பக்கம் போங்க, நான் ஒரு பக்கம் போறேன். நாலு மணிக்குப் படகுத்துறைக்கு வந்துடறேன். இனிமே உங்ககூட எங்கேயும் வர்றதா இல்ல."

கடைசி வாக்கியம் கோபத்தில் வந்ததா என்று கேட்டேன். இல்லை, யோசித்துச் சொன்னது என்றாள். எனக்கு அதுதான் பகீர் என்றது. பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் அவள். சும்மா வார்த்தையை விடுகிறவள் இல்லை.

4

அக்காவின் அன்றைய பகலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். துணிக்கடையில் எதுவும் வாங்காமல் ஒரு மணி நேரம், பூங்காவில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம். நன்றாக இருந்ததாம். அதற்குமேல் எழுத அதில் என்ன இருக்கிறது?

அத்தான் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினார். மன்னித்துவிடு என்று அவர் வாயில் வராது. இதுதான் அவரால் முடிந்தது. சாயங்காலம் அவளிடம் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் ஐந்து நாள் பழக்கம் ஒரு காலையில் போய்விடுமா? கடிகாரத்தைப் பார்த்ததும் மனது தானாக ஒன்றரையைக் கூட்டியது. உண்மையில் மணி இரண்டரை. அத்தான் கணக்கில் நாலு. படகுத்துறைக்குப் போய் நின்றார். அக்காவைக் காணோம்.*

* போன் செய்திருக்கலாமே என்பீர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே சிம் வாங்கினார்கள். அது அக்காவிடம் இருந்தது. படகுத்துறையில் கடிகாரம் இல்லையா என்பீர்கள். இருந்தது, சரியாகவும் ஓடியது. இந்த ஊரிலும் பொதுக் கடிகாரத்தின் லட்சணம் இப்படித்தானா என்று அத்தான் அதற்காக வருத்தப்பட்டாராம்.

5

அக்கா கால் வலித்து மூன்று மணிக்கே வந்துவிட்டாள். படகுத்துறைக்கு எதிரே பழச்சாறுக் கடையில் உட்கார்ந்து பார்த்தால், இவர் நிற்கிறார். டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் கையால் ஒரு உயரத்தைக் காட்டி, இந்த உயரத்தில் ஒருத்தி வந்தாளா என்று விசாரிக்கிறார். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது.

"வார்டு வாசல்ல நிக்கிற ஆம்பிளைங்களை முப்பது வருஷமாப் பார்த்திருக்கேன்" என்றாள் அக்கா. "கதவு திறந்தா ஓரடி முன்னால வருவாங்க. தன் ஆளு இல்லேன்னதும் அப்படியே பின்னால போவாங்க. என் ரெண்டு பிரசவத்துக்கும் இவர் டூட்டிக்குப் போயிட்டார். அன்னைக்குப் படகு வர்றப்பெல்லாம் இவர் அப்படி வந்து வந்து போனாருடா."

அதோடு கதையை நிறுத்திவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். மிச்ச பீன்ஸை நான்தான் நறுக்கினேன்.

6

ஆக, முடிவு என் தலையில் விழுந்தது.

முடிவு ஒன்று. அக்கா உடனே எழுந்து ஓடினாள். "மணி மூணுதாங்க ஆகுது" என்றாள். அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

முடிவு இரண்டு. அக்கா எழுந்திருக்கவில்லை. இன்னொரு பழச்சாறு வாங்கிக்கொண்டு, நாலு மணி வரைக்கும் அவர் தன்னைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலுக்கு, அப்போதுதான் வருகிறவள் மாதிரி நடந்து போனாள். அத்தான் இதிலும் அழுதார்.

(முடிவு மூன்று: எதிரே அவள் இருப்பதை அத்தான் முன்பே பார்த்துவிட்டு, அவளுக்காகவே தேடுவதுபோல... அடித்துவிட்டேன். அவருக்கு நடிக்க வராது. பார்த்திருந்தால் குறுக்கே வரும் வண்டிகளைக்கூடக் கவனிக்காமல் ஓடி வந்திருப்பார்.)

எது நடந்தது என்று அக்காவிடம் கேட்டேன். ரெண்டையும் எழுது, அவர் படித்தால், கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததை உன் கற்பனை என்று நினைத்துக்கொள்வார் என்றாள். அடுத்து எங்கே போகலாம் என்று தினமும் கேட்கிறாராம். அவள் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

இதுவரை எழுதியதை அத்தானுக்கு அனுப்பினேன். அவரைப் பற்றி எழுதிவிட்டு அவரிடம் மறைப்பது நியாயமில்லை என்று பட்டது. பத்தாவது நிமிடம் போன் வந்தது. என்ன திட்டப்போகிறாரோ என்று எடுத்தேன். குரலை ரொம்பத் தாழ்த்திப் பேசினார். பக்கத்து அறையில் அக்கா இருந்திருப்பாள்.

"தம்பி, அந்த ரெண்டாவது... ஒரு மணி நேரம் முழுசாவா என்னையே பார்த்துக்கிட்டிருந்தா?"

குரலில் கோபம் இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஆசையாக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆமாம் என்று நான் சொன்னால் அக்கா என்னைக் கொன்றுவிடுவாள். நீங்கள் சொல்லலாம். என்ன சொல்கிறீர்கள்? அத்தான் இன்னும் போனை வைக்கவில்லை.